எல்லாம் பேச்சுதானே, இதுல எந்த தெரபி பெஸ்ட்?

கேள்வி கேட்டவர் சொன்னத சுருக்கமா சொல்லிடறேன். ஆறு மாசமா லிஃப்ட்லயோ கூட்டத்துலயோ நிக்கும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை நடுங்குது, இப்பவே செத்துருவோம்னு தோணுது. ஈசிஜி, ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். டாக்டர் இது பேனிக் அட்டாக்னு சொல்லி மாத்திரையோட தெரபிக்கும் போகச் சொல்லிட்டாரு. தேடிப் பாத்தா சிபிடி, டிபிடி, ஆக்ட், ஈஎம்டிஆர், சைக்கோடைனமிக்னு வரிசையா வருது, இதுல எது பெஸ்ட், அதுவும் போக எல்லாம் பேச்சுதானே, பேசினா எப்படிங்க சரியாகும்னு கேட்டிருக்காரு.

நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க. ஒரு பிரச்சினை ஏன் ஆரம்பிச்சுதுங்கறது வேற, அது ஏன் இன்னும் போகாம ஒட்டிக்கிட்டு இருக்குங்கறது வேற. தீக்குச்சி கிழிச்சது யாருன்னு தெரிஞ்சுட்டா தீ அணைஞ்சுடாது, விறகு எங்கேருந்து வந்துட்டே இருக்குன்னு பாக்கணும். இத்தனை வகை தெரபி இருக்கே, இதெல்லாம் அந்த விறகு எதுங்கற கேள்விக்கு ஆளாளுக்குக் குடுத்த பதில்தான். உங்க நினைப்புதான் விறகுன்னு ஒருத்தர், நீங்க பயந்து ஓடறதுதான் விறகுன்னு ஒருத்தர், உங்களுக்கே தெரியாம நீங்க திரும்பத் திரும்ப ஆடற பழைய ஆட்டம்தான்னு இன்னொருத்தர், இல்ல அது உங்ககிட்டயே இல்ல உங்க ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குன்னு வேறொருத்தர். உங்க கேஸ்ல எது விறகுன்னு தெரிஞ்சா பாதி தேர்வு முடிஞ்சுது.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்குவோம். செஷனுக்கு மூணு நிமிஷம் லேட். கதவைத் திறக்கும்போதே சாரி, உக்காரும்போது சாரி, ஃபேன் போடவான்னு கேட்டா ஐயோ பரவால்ல சாரி. ஐம்பது நிமிஷத்துல பத்து சாரி. இதே ஆள் வேற வேற தெரபிஸ்ட் ரூம்ல போய் உக்காந்தா அந்த சாரிய அவங்க என்ன பண்ணுவாங்கன்னு பாத்தாலே வித்தியாசம் புரிஞ்சுடும்.

முதல் ரூம் சைக்கோடைனமிக். ஃப்ராய்ட் வழி வந்தது. பேச்சு வைத்தியம்ங்கற பேரே ஒரு பேஷண்ட் வெச்சதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. 1895ல ஃப்ராய்டும் ப்ராயர்ங்கற டாக்டரும் சேர்ந்து போட்ட புத்தகத்துல 'அன்னா ஓ'ன்னு ஒரு பொண்ணு வருவாங்க, நிஜப்பேரு பெர்த்தா பாப்பன்ஹைம், ப்ராயர்கிட்ட மனசுல இருக்கறதக் கொட்டும்போது லேசாகுதுன்னு அவங்கதான் அதுக்கு அப்படிப் பேர் வெச்சாங்க, விளையாட்டா புகைக்கூண்டு சுத்தம் பண்றதுன்னும் சொல்வாங்களாம். புத்தகத்துல எழுதின அளவுக்கு அவங்களுக்கு அப்போ குணமாகலை, அதுக்கப்புறமும் சானடோரியத்துல (தங்கி சிகிச்சை எடுக்கற இடம்) இருந்தாங்க, ஆனா பின்னாடி ஜெர்மனில பெண்கள் உரிமைக்காகப் பெரிய வேலை பாத்தாங்க. ஆக, இந்தத் தொழிலோட முதல் கேஸே கொஞ்சம் பூசி மெழுகின கேஸ்தான். அது எங்க எல்லாருக்கும் ஞாபகத்துல இருக்கறது நல்லது.

இப்போ இந்த தெரபிஸ்ட் பெரும்பாலும் சோஃபால படுக்க வைக்கறதெல்லாம் இல்ல, வாரம் ஒரு தடவை எதிரெதிர் நாற்காலிதான். அவங்க அந்த சாரியக் கேட்டுட்டு மெதுவா, "மூணு நிமிஷம் லேட்டானதுக்கு நான் என்ன நினைச்சிருப்பேன்னு தோணுச்சு?"ன்னு கேப்பாங்க. அவரு யோசிச்சுட்டு, "கோவமா இருப்பீங்க, ஆனா காட்டிக்க மாட்டீங்க"ம்பாரு. காட்டிக்காத கோவத்த மோப்பம் பிடிக்கிற பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு அங்கேருந்து பேச்சு நகரும், பல வாரம் கழிச்சு வீட்டுல யாரோ ஒருத்தரோட மூட பாத்துப் பாத்தே வளந்த கதை வரும். சின்ன வயசுல யாருக்காகவோ கத்துக்கிட்டத இப்போ எல்லார்கிட்டயும், தெரபிஸ்ட்கிட்டயும் கூட பண்றாரு. இதுக்குப் பேரு டிரான்ஸ்ஃபரன்ஸ். அந்த ரூம்லயே, உயிரோட, அது நடக்கும்போதே பிடிச்சுப் பாக்கறதுதான் இந்த வழியோட பலம். மெதுவா போகும், காசும் நேரமும் ஆகும். ஆனா எத்தன பேரோட பழகினாலும் கதை ஒரே மாதிரிதான் முடியுதுன்னு சொல்றவங்களுக்கு இது வேற எதுவும் தொடாத இடத்தத் தொடும்.

அடுத்த ரூம் கார்ல் ரோஜர்ஸ்ங்கற உளவியலாளர் வழி. வர்றவங்கள பேஷண்ட்னு சொல்லாம கிளையண்ட்னு சொல்ற வழக்கத்த பரப்பினவர் இவர்தான். 1957ல ஒரு கட்டுரைல, தெரபிஸ்ட் நடிக்காம இருக்கணும், எதிர்ல இருக்கறவர எடை போடாம மதிக்கணும், அவர் பார்வைலேருந்து புரிஞ்சுக்கணும், அது அவருக்கும் போய்ச் சேரணும், மாற்றத்துக்கு இது போதும்னு சொன்னாரு. போதும்ங்கற வார்த்தைதான் இன்னிக்கு வரைக்கும் சண்டை. இந்த ரூம்ல அந்த சாரிக்கு "தப்பாயிடுச்சோங்கற பயம் உங்களோடவே உள்ள வருது போல"ன்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான், கேள்வி இல்ல, அட்வைஸ் இல்ல. கேக்கறதுக்கு சப்புன்னு இருக்கும். ஆனா வாழ்நாள் முழுக்க சாரின்னா "பரவால்ல விடு"ன்னு மட்டுமே பதில் வாங்கின ஆளுக்கு, அந்த சாரிக்குப் பின்னாடி இருக்கறத ஒருத்தர் கேட்டுட்டாருங்கறது லேசான விஷயம் இல்ல. சொன்னதையே கிளி மாதிரி திருப்பிச் சொல்றதுதான் இந்த வழின்னு ஒரு கிண்டல் உண்டு, சரியா பண்ணாதவங்க அப்படித்தான் பண்றாங்க, அதையும் ஒத்துக்கணும்.

மூணாவது சிபிடி, நினைப்பையும் நடந்துக்கற விதத்தையும் சோதிச்சு மாத்தற தெரபி. இத ஆரம்பிச்ச ஆரன் பெக்கே ஃப்ராய்ட் வழில பயிற்சி எடுத்தவர்தான். டிப்ரஷன்னா உள்பக்கம் திரும்பின கோவம்னு அப்போ ஒரு கொள்கை, அத நிரூபிக்கணும்னு டிப்ரஷன்ல இருக்கறவங்க கனவையெல்லாம் எடுத்து அலசினாரு, பாத்தா கோவத்தக் காணோம், தோத்துட்டேன், இழந்துட்டேன், என்னை யாருக்கும் வேணாம்ங்கறதுதான் திரும்பத் திரும்ப வருது. கனவுல மட்டுமில்ல, முழிச்சிருக்கும்போதும் அதே நினைப்புகள் மின்னல் மாதிரி வந்து போறத கவனிச்சாரு. அதுக்குத் தானியங்கி எண்ணம்னு பேர் வெச்சு, அதப் பிடிச்சு சோதிக்கறதுதான் வேலைன்னு 1960கள்ல ஆரம்பிச்சாரு. தான் நம்பினது தப்புன்னு தன்னோட டேட்டாவே சொன்னப்போ கேட்டுக்கிட்டாருல்ல, அதுக்காகவே எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும்.

நிறைய பேரு சிபிடின்னா பாசிட்டிவா யோசின்னு சொல்றதுன்னு நினைச்சுட்டு இருக்காங்க. சத்தியமா இல்ல. நம்ம சாரி ஆள்கிட்ட சிபிடி தெரபிஸ்ட் "லேட்டா வந்தா என்ன ஆகும்னு பயம்? நூத்துக்கு எத்தனை நம்பறீங்க?"ன்னு கேப்பாங்க. "மட்டமா நினைச்சுடுவாங்க, 90." சரி, அடுத்த வாரம் நண்பர் ஒருத்தரப் பாக்க வேணும்னே அஞ்சு நிமிஷம் லேட்டா போங்க, சாரி சொல்லாதீங்க, என்ன நடக்குதுன்னு எழுதிட்டு வாங்கன்னு அனுப்புவாங்க. அவரு போவாரு, நண்பர் ஃபோன நோண்டிட்டு இருப்பாரு, தலைய நிமிர்த்தி "வந்துட்டியா"ம்பாரு, தீந்துது. அந்த 90 அடுத்த செஷன்ல 40 ஆகுதுன்னா அது யாரும் சமாதானம் சொல்லி ஆகல, அவரே போய்ப் பாத்துட்டு வந்ததால ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச நல்ல சிபிடில பேப்பர்ல எண்ணம் எழுதற கட்டம் பாதிதான், மீதிப்பாதி இப்படி வெளில போய் சோதிச்சுப் பாக்கறது.

இப்போ உங்க பேனிக்குக்கு வரேன், இங்கதான் கொஞ்சம் நிக்கணும்.

பயத்த பேசித் தீக்கறதுக்கு பதிலா பயப்படற பொருள் பக்கத்துலயே போய் தீக்கற வழி சிபிடிக்கும் முன்னாடியே வந்தது. 1924ல மேரி கவர் ஜோன்ஸ், முயலப் பாத்தா அலறுற பீட்டர்ங்கற சின்னப் பையனுக்கு, அவனுக்குப் பிடிச்சதச் சாப்பிடக் குடுத்துட்டே முயல தூரத்துல வெச்சு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க, கடைசில அவனே முயலத் தடவிக் குடுத்தான். 1958ல வோல்பிங்கற மனநல டாக்டர் இத ஒரு முறையாவே ஆக்கினாரு. பேனிக்ல என்ன சிக்கல்னா, உங்க முயல் வெளில இல்ல, உங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. 1986ல டேவிட் கிளார்க்ங்கற உளவியலாளர் இத தெளிவா வரைஞ்சு காட்டினாரு: ஏதோ காரணத்துல இதயம் கொஞ்சம் வேகமா அடிக்குது, நீங்க அத ஹார்ட் அட்டாக்னு படிக்கிறீங்க, அந்த பயத்துல அட்ரினலின் ஏறுது, இதயம் இன்னும் வேகமா அடிக்குது, பாத்தியா நான் நினைச்சது சரிதான்னு ஆயிடுது. சுத்திச் சுத்தி சில நிமிஷத்துல உச்சி. லிஃப்ட்லேருந்து வெளில ஓடி வந்தவுடனே படபடப்பு குறையும், உடனே மூளை "ஓடினதாலதான் பொழச்சோம்"னு குறிச்சு வெச்சுக்கும். இதுதான் உங்க விறகு. தண்ணி பாட்டில், எப்பவும் கையில ஃபோன், கதவு பக்கமா நிக்கறது, கூட ஒருத்தர கூட்டிட்டு போறது, இதெல்லாமும் விறகுதான், ஒவ்வொரு தடவையும் பாட்டிலாலதான் தப்பிச்சேன்னு ஆகிப்போகுது, ஒண்ணும் ஆகியிருக்காதுங்கறத கத்துக்கற சான்ஸே கிடைக்கறதில்ல.

அதனால நல்ல தெரபிஸ்ட்கிட்ட போனா ரூம்லயே அந்த படபடப்ப வேணும்னே வர வைப்பாங்க. ஒரு நிமிஷம் ஸ்ட்ரா வழியா மட்டும் மூச்சு விடு, நின்ன இடத்துலயே ஓடு, சுழல்ற நாற்காலில சுத்து. (இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான்.) தலை சுத்தும், நெஞ்சு அடிக்கும், கை மரத்த மாதிரி ஆகும், அப்போ தெரபிஸ்ட் கைய பிடிச்சுக்க மாட்டாங்க, தண்ணி குடுக்க மாட்டாங்க, "என்ன ஆகும்னு பயமா இருக்கு, சொல்லுங்க, அப்படியே இருந்து பாப்போம்"னு கூட உக்காந்திருப்பாங்க. கொஞ்ச நேரத்துல அது தானா இறங்கும். முதல் தடவை இறங்கும்போது கிளையண்ட் முகத்துல வர்ற குழப்பம் இருக்கே, அட இவ்வளவுதானாங்கற மாதிரி, அதப் பாக்கறதுக்காகவே இந்த வேலைல இருக்கலாம். அப்புறம் லிஃப்ட், அப்புறம் கூட்டம், பாட்டில் இல்லாம. பொதுவா 10, 15 செஷனுக்குள்ள ஒரு பெரிய மாற்றம் தெரியணும். எல்லாம் பேச்சுதானேன்னு கேட்டீங்கல்ல, இதுல பேச்சு எவ்வளவு இருக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க.

ஓசிடியும் (வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயல திரும்பத் திரும்ப செய்ய வைக்கற நோய்) இதே குடும்பம்தான், 1966ல விக்டர் மேயர் காட்டின வழி, பயத்த வர விட்டுட்டு கை கழுவற மாதிரி செக் பண்ற மாதிரி சடங்க மட்டும் செய்ய விடாம இருக்கறது. இதுல நான் பண்ணின தப்பையும் சொல்லணும். ஆரம்ப காலத்துல ஒருத்தர் வருவாரு, கதவு பூட்டினமா பூட்டினமான்னு திரும்பிப் போய்ப் பாக்கற ஆள். நானும் பாசமா "யோசிச்சுப் பாருங்க, பூட்டிட்டுதானே வந்திருப்பீங்க"ன்னு வாரா வாரம் சொல்லி அனுப்புவேன், அவரு நிம்மதியா போவாரு, எனக்கும் பெரிய சந்தோஷம். எனக்கு மேல இருந்த சூப்பர்வைசர் நோட்ஸ படிச்சுட்டு ஒரே வரிதான் சொன்னாங்க: "அவரு இப்போ பூட்ட செக் பண்றதில்ல, உங்கள செக் பண்றாரு." அன்னிக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அன்பா பேசறதே விறகா போற நோய் உண்டுன்னு அப்போதான் புரிஞ்சுது. நண்பர்கிட்ட பேசறதுக்கும் தெரபிக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன், நண்பர் உங்களுக்கு இப்போ நல்லா இருக்கணும்னு பாப்பாரு, அது அவர் வேலை, தப்பே இல்ல.

மத்தத கொஞ்சம் வேகமா பாத்துடுவோம். டிபிடி, மார்ஷா லினஹன் ஆரம்பிச்சது, உணர்ச்சி சர்ருனு உச்சிக்குப் போய் தன்னையே காயப்படுத்திக்கற நிலைமைல இருக்கறவங்களுக்காக உருவானது. சிபிடி மட்டும் பண்ணினா "என்னை மாத்தணும்னே பாக்கறீங்க, என் வலி புரியலையா"ன்னு கிளையண்ட்ஸ் எழுந்து போயிட்டாங்க, ஏத்துக்கிட்டு மட்டும் உக்காந்திருந்தா எதுவும் மாறல, அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல பிடிக்கிறதுதான் டிபிடி. தனி செஷன், திறமை கத்துக்கற குரூப், நெருக்கடில ஃபோன், தெரபிஸ்டுகளுக்கே ஒரு குழுன்னு நாலும் சேந்தாதான் முழு டிபிடி, வெறும் ரெண்டு டெக்னிக் சொல்லிக் குடுத்துட்டு டிபிடின்னு சொன்னா கொஞ்சம் உஷாரா இருங்க. லினஹன் 2011ல, தானே இளம் வயசுல மனநல ஆஸ்பத்திரில இருந்தவங்கன்னு வெளிப்படையா சொன்னாங்க.

ஆக்ட், ஸ்டீவன் ஹேய்ஸ் பேரோட வர்றது, அவருக்கே பேனிக் இருந்துச்சு. நினைப்போட வாதாடாத, "நான் உதவாக்கரை"ங்கறத "நான் உதவாக்கரைன்னு ஒரு நினைப்பு வருது"ன்னு பாரு, அது பாட்டுக்கு ஓடட்டும், உனக்கு முக்கியமானத நீ செய்னு சொல்ற வழி. எல்லாத்தையும் ஏற்கனவே அளவுக்கு மீறி அலசற ஆட்களுக்கு சிபிடி கட்டம் குடுத்தா அதையும் பரீட்சை மாதிரி எழுதுவாங்க, அவங்களுக்கு இது பொருந்திப் போறத பாத்திருக்கேன்.

ட்ராமாவுக்கு, அதாவது பெரிய விபத்தோ கொடுமையோ மனசுல விட்டுப்போற காயத்துக்கு, எட்னா ஃபோவாவோட நீண்ட எக்ஸ்போஷர் (பயப்படறத ஒதுக்காம நேரா சந்திக்கறது), ட்ராமாவ மையமா வெச்ச சிபிடி, ஈஎம்டிஆர். ஈஎம்டிஆர் 1987ல ஃப்ரான்சீன் ஷபீரோ பார்க்ல நடக்கும்போது கண்ணு அங்கயும் இங்கயும் ஓடினப்போ வேதனை குறையறத கவனிச்சதுலேருந்து வந்தது. வேலை செய்யுது, உலக சுகாதார நிறுவனமே 2013 வழிகாட்டுதல்ல பரிந்துரைக்குது, ஆனா அந்த கண் அசைவுதான் வேலை செய்யுதா, இல்ல பாதுகாப்பான இடத்துல அந்த ஞாபகத்த நேருக்கு நேர் பாக்கறதானு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. என் கட்சி ரெண்டாவது. ஒரு எச்சரிக்கை: பெரிய விபத்தோ கொடுமையோ நடந்த மறுநாளே ஆளை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லு சொல்லுன்னு ஒரே செஷன்ல கறக்கறது நல்லது பண்றதில்ல, சில பேருக்கு மோசமாவே ஆக்குது. அப்போ தேவைப்படறது தூக்கமும் பாதுகாப்பும் பக்கத்துல ஒரு ஆளும்தான்.

குடும்பம், ஜோடி தெரபி தனி உலகம். மினுச்சின் மாதிரி குடும்ப தெரபிஸ்டுகள் குழந்தையோட பிரச்சினைய குழந்தைகிட்ட தேடாம வீட்டுல யார் யாரோட கூட்டணின்னு பாத்தாங்க. ஜோடிகள்ல ஒருத்தர் துரத்தித் துரத்திக் கேக்க, இன்னொருத்தர் வாய மூடிட்டு ஒதுங்க, ஒதுங்க ஒதுங்க இவரு இன்னும் துரத்த, அந்த சக்கரம்தான் எதிரி. ஆனா வீட்டுல அடிதடி, மிரட்டல் இருந்தா ஜோடியா உக்காந்து பேசறது முதல் படி இல்ல, செஷன்ல வாய் திறந்ததுக்கு வீட்டுல போய் வாங்கிக் கட்டிக்கற நிலைமை வரும், அங்க பாதுகாப்புதான் முதல்ல.

சரி, எது பெஸ்ட். 1952ல ஐசங்க்னு ஒரு உளவியலாளர், தெரபி எடுத்தவங்க எடுக்காதவங்கள விட நல்லா ஆனதுக்கு ஆதாரமே இல்லன்னு குண்டு போட்டாரு. அதுக்கு பதில் தேடியே ஒரு துறை வளந்துச்சு, 1977ல மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் கிட்டத்தட்ட 375 ஆய்வ ஒண்ணா சேத்துப் பாத்து, தெரபி எடுத்த சராசரி ஆள் எடுக்காதவங்கள்ல 75 சதவீதம் பேர விட நல்லா இருக்காருன்னு காட்டினாங்க. வகைகளுக்குள்ள பெரிய வித்தியாசமும் தெரியல. 1936லயே ரோசன்ஸ்வைக் இத சொல்லி வெச்சாரு, எல்லா வழிக்கும் பொதுவா இருக்கற ஏதோதான் வேலை செய்யுதுன்னு. 1979ல போர்டின் அந்தப் பொதுவான விஷயத்த மூணா பிரிச்சாரு: ரெண்டு பேருக்கும் நடுவுல நம்பிக்கை இருக்கா, எங்க போறோம்ங்கறதுல ஒத்துப்போறாங்களா, எப்படி போறோம்ங்கறதுல ஒத்துப்போறாங்களா.

இத வெச்சு "எல்லாம் ஒண்ணுதான், ஆள் நல்லவரா இருந்தா போதும்"னு சொல்ற கூட்டத்தோட நான் சேர மாட்டேன். சராசரி எடுத்தா வித்தியாசம் கரைஞ்சுடும், ஆனா ஓசிடி, ஃபோபியா, பேனிக், ட்ராமா இதுக்கெல்லாம் அந்த பயத்துக்கு நேரா கூட்டிட்டு போற முறை இருக்கணும், எவ்வளவு தங்கமான ஆளா இருந்தாலும் வருஷக்கணக்கா பேசிட்டு மட்டும் இருந்தா கஷ்டம்தான், என் பூட்டுக்காரர் கதை மாதிரி. டிப்ரஷன், துக்கம், உறவுச் சிக்கல், வாழ்க்கை எங்க போகுதுன்னு தெரியாத தவிப்பு, இதுலல்லாம் பல வழி போய்ச் சேரும், அங்க உங்களுக்கு எது பொருந்துது, யார்கிட்ட பொய் சொல்லாம பேச முடியுதுங்கறதுதான் கணக்கு.

அதனால உங்களுக்கு என் பதில்: பேனிக்ல எக்ஸ்போஷர் பண்ணிப் பழக்கமிருக்கற சிபிடி தெரபிஸ்டத் தேடுங்க. முதல் தடவை பேசும்போதே "பேனிக்குக்கு என்ன பண்ணுவீங்க, எப்படி முன்னேற்றம் பாப்பீங்க"ன்னு கேளுங்க, வெறும் ரிலாக்ஸ் பண்ண, மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவேன்னு மட்டும் சொன்னா வேற ஆள பாக்கலாம். மாத்திரைய தெரபி ஆரம்பிச்சாச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டரோட பேசிதான். சாகணும்ங்கற நினைப்பு எப்பவாவது வந்திருந்தா முதல் செஷன்லயே சொல்லிடுங்க, இப்பவே அப்படி இருந்தா செஷனுக்கெல்லாம் காத்திருக்காம பக்கத்துல இருக்கற எமர்ஜென்சிக்குப் போங்க.

நாலஞ்சு செஷன் ஆயும் என்ன பண்றோம்னே புரியலைன்னா, இல்ல போன தடவை அவங்க சொன்ன ஒரு வார்த்தை உறுத்திட்டே இருந்துச்சுன்னா, காணாம போயிடாதீங்க, அத அவங்ககிட்டயே சொல்லுங்க. தெரபில கொஞ்ச பேரு நல்லாகறதுக்கு பதிலா மோசமும் ஆகறாங்க, கிளையண்ட் வாய் விட்டு சொல்லாட்டி அது பல தெரபிஸ்டுகளுக்குத் தெரியறதே இல்ல, எனக்கும் தெரியாம போயிருக்கு. நேர்ல சொல்ல கூச்சமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதி செஷன் ஆரம்பத்துலயே நீட்டிடுங்க, கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு வெச்சுக்காதீங்க, அப்போ பேச நேரம் இருக்காது.